ஆவணிக்கே வந்துவிட்ட கிறிஸ்மஸ்

1

பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் தாரணியின் டீச்சர் சிரித்துக்கொண்டே கை காட்டிக் கூப்பிட்டார். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும், டீச்சர் கூப்பிட்டால் எனக்குப் பயம்தான். பிள்ளை யாரையாவது கடித்துவிட்டாளா, மதியம் சாப்பிடவில்லையா, நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள் எதையாவது அனுப்பாமல் விட்டுவிட்டேனா? அவரிடம் போய்ச் சேர்வதற்குள் மனதில் எல்லாம் ஓடிவிட்டது.

அப்படி ஒன்றுமில்லை. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். தாரணி எழுந்து நின்று, "என் மாமா இந்தியாவில் கிறிஸ்மஸைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார். அன்றைக்கு நிறைய கிறிஸ்மஸ் இருந்தது. அதனால் அவரால் என்னுடைய ஒரு காதுக்குத்தான் வர முடிந்தது" என்று சொல்லியிருக்கிறாள்.

"என்ன அற்புதமான கற்பனை உங்கள் மகளுக்கு!" என்றார் டீச்சர். வகுப்பே கை தட்டியதாம். அவள் மாமா கிறிஸ்மஸ் தாத்தாவிடம் வேலை பார்க்கிறார் என்று எல்லாப் பிள்ளைகளும் நம்பிவிட்டார்களாம்.

நான் சிரித்து, நன்றி சொன்னேன். இந்த நாட்டில் எதற்கும் முதலில் வாயில் வருவது நன்றிதான். தெருமுனை தாண்டிய பிறகுதான் முகம் சூடானது. என் மகள் சொன்னதில் கற்பனை ஒரு சொல்கூட இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். அதை இங்கே புரிய வைக்க எனக்கு ஆங்கிலம் போதாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அன்றைக்கே பால் வாங்க ஊர் நடுவிலுள்ள பெரிய கடைக்குள் நுழைந்தேன். செப்டம்பர் இன்னும் முடியவில்லை. வெளியே ஆட்கள் அரைக்கைச் சட்டையில் நடக்கிறார்கள். பள்ளிச் சீருடைகள் தொங்கும் கம்பியைக்கூட இன்னும் நகர்த்தவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஆளுயரப் பிளாஸ்டிக் மரம், கண்ணாடி உருண்டைகள், தகர டப்பா பிஸ்கட், டப்பாவில் அடைத்த பொய்ப் பனி.

நாங்கள் வந்த முதல் வருடம் நவம்பர் வாணவேடிக்கை முடிந்த பிறகுதான் இவை கடைக்கு வந்தன. அடுத்த வருடம் அக்டோபர் கடைசியில், பேய் முகம் வெட்டிய பூசணிக்காய்களோடு வந்தன. பிறகு பூசணிக்காய்க்கும் முந்திக்கொண்டன. இப்போது சீருடையோடு நிற்கின்றன. இப்படியே போனால் நீச்சல் உடைக்குப் பக்கத்தில் மரத்தை நட்டுவிடுவார்கள்.

தாரணி மரத்தைச் சுற்றி ஓடினாள். "அம்மா, நாளைக்கா கிறிஸ்மஸ்?"

"இல்லைம்மா, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது."

"அப்புறம் ஏன் இப்பவே வெச்சிருக்காங்க?"

பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வி. நானாவது கேட்டுவிடலாம் என்று, அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். போகும்போதே மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டினேன். இது இவ்வளவு முன்னாலேயே வருவதற்காக எங்கேயோ சிலர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா? இதுதான் நான் கேட்க நினைத்தது. வாயில் வந்தது, "இது ரொம்ப சீக்கிரம் இல்லையா?" மட்டும்தான்.

அவர் என் பொட்டைப் பார்த்தார். தலையைச் சாய்த்து, "ஓ, நீங்கள் கிறிஸ்மஸ் கொண்டாட மாட்டீர்கள், இல்லையா?" என்று மிகவும் பரிவாகக் கேட்டார். அதோடு விடவில்லை. "கவலைப்படாதீர்கள், உங்கள் தீபாவளிக்கும் ஓர் அலமாரி வைக்கப் போகிறோம்" என்று ஆறுதல் சொன்னார்.

எனக்குக் கிறிஸ்மஸ் மேல் என்ன கோபம்? ஓசூர் பக்கம் மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த கதவு ஸ்டெல்லா அக்கா. டிசம்பர் பிறந்ததும் காகித நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார். ஒயர் எட்டாமல் எங்கள் வீட்டு பிளக்கிலிருந்துதான் அதற்குக் கரண்ட் போகும். டிசம்பரில் வரும், ஜனவரியில் போகும். யார் நாளையும் அது பிடுங்கித் தின்றதில்லை. இந்தக் கடைக்காரர்களின் கிறிஸ்மஸ் என் மகளின் நாளைத் தின்றுவிட்டது.

3

தாரணிக்கு ஒரு வயதிலேயே காது குத்தியிருக்க வேண்டும். முதல் வருடம் அவளுக்கு பாஸ்போர்ட் வந்து சேரவே நாளாகிவிட்டது. அடுத்து என் மாமனார் தவறிவிட்டார். வருடம் திரும்பும் வரை நல்ல காரியம் கூடாது. பிறகு இவருக்கு லீவு கிடைக்கவில்லை. இவர் என்றால் என் கணவர். ஓசூரில் ஒரு மெஷின் கம்பெனியில் இருந்தார். கம்பெனிக்காரர்களே அவரை இங்கே அனுப்பி வைத்தார்கள்.

"இங்கேயே குத்திவிடலாமே, கடைத்தெருவில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து ஒரு நொடியில் குத்துகிறார்கள்" என்றார் இவர். சரிதான், வலிகூடக் குறைவாக இருக்கும். நான் பிடிவாதம் பிடிக்கிறேனோ என்று பல நாள் யோசித்தேன். ஆனால் நம் வழக்கத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தட்டோடு வந்து, மாலை போட்டு, பிள்ளை அழும்போது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் அவன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குத் தாய்வீடு என்று இருப்பது தம்பி சரவணன் ஒருவன்தான். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் மாமன், போனில் கேட்கும் குரல். அவன் மடியில் ஒருநாளாவது இவள் உட்காரட்டும். எனக்கு ஒரு தாய்வீடு உண்டு என்பது அவள் உடம்பில் இருக்கட்டும். அதுதான் என் ஆசை.

நாளைத் தேடினேன். பள்ளி நடக்கும்போது போக முடியாது. ஒரு வாரம் விடுப்புக் கேட்டு எழுதியதற்கு, 'விதிவிலக்கான காரணம் அல்ல' என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில் காதுகுத்து என்று எழுதினால் வேறு எப்படிப் பதில் வரும்? ஆக, கோடை விடுமுறைதான். அது ஜூலைக் கடைசியில் தொடங்குகிறது, அப்போது ஆடி. ஆடியில் காது குத்த மாட்டார்கள். ஆவணி பிறப்பதற்கும் பள்ளி திறப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. வருடத்தில் எங்களுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். அதில் ஒரு நல்ல நாளை என் மாமியார் சிங்காரப்பேட்டையில் ஜோசியரிடம் கேட்டுக் குறித்தார். டிக்கெட் எடுத்தோம். பஞ்சாங்கம் பார்த்தாகிவிட்டது, பள்ளி நாட்காட்டி பார்த்தாகிவிட்டது. கடைக்காரர்களின் நாட்காட்டி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

4

சரவணன் ஓசூர் சிப்காட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறான். தைத்து வரும் துணிகளை மடித்து, அட்டை கோத்து, பெட்டியில் அடுக்கி, கன்டெய்னரில் ஏற்றி விடுவது அவன் வேலை. கான்ட்ராக்ட் ஆள். நிரந்தரமாக்கப் போகிறோம் என்று மூன்று வருடமாகச் சொல்கிறார்கள்.

நாங்கள் ஊர் போய் இறங்கிய அன்றே போன் செய்தான்.

"அக்கா, ஒரு விஷயம். கோவிச்சுக்காத. எனக்கு லீவு கெடையாதுன்னுட்டாங்க."

"டேய், நாலு மாசம் முன்னாடியே சொன்னேனேடா!"

"நானும் நாலு மாசமா சொல்லிகினுதான் இருக்கேன். கிறிஸ்மஸ் லோடுதான்க்கா. எப்பவும் செப்டம்பர் கடைசிலதான் போவும். ஆயுத பூஜைக்கு மிஷினத் தொடைக்கறப்ப எல்லாம் முடிஞ்சிரும். இந்த வருசம் ஆகஸ்டுக்குள்ள ஏத்தியாவணும்னு வெளிநாட்டுல வாங்கற பையர் சொல்லிட்டானாம். ஞாயித்துக்கெழமையும் டூட்டி."

"கிறிஸ்மஸ் டிசம்பர்லதானேடா வருது?"

"என்னைக் கேட்டா? உங்க ஊரு கடைக்காரனுங்கதான் அவசரப்படறானுங்க. நீயே போயி கேளு." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்த லோடு முடிஞ்சதும் பெர்மனென்ட் லிஸ்ட் போடறாங்களாம்க்கா. இப்பப் போயி லீவப் போட்டா என் பேர அடிச்சிருவாங்க."

உங்க ஊரு. அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. நான் வாழ வந்த ஊரின் அலமாரி, நான் பிறந்த ஊரில் என் தம்பியைக் கட்டிப் போட்டிருக்கிறது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையிடம் பயந்து பயந்து சொன்னேன். கொல்லையும் நெல்லுமாகப் பிழைத்த குடும்பம் அவர்களுடையது. மாட்டுக்கும் மழைக்கும் தவிர யாருக்கும் காத்திருந்து பழக்கமில்லை. "என்னா கம்பெனி அது, தாய்மாமனுக்கு லீவு குடுக்காத கம்பெனி? மாமன் இல்லாம காது குத்தறதா? நாலு பேரு என்னா கேப்பாங்க?" என்றார். எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வெளியே நின்றார். திரும்பி வந்து அவரே சொன்னார்: "சோறு திங்க உடுவாங்களா இல்லியா? உச்சி வேளைக்கு அபிஜித் முகூர்த்தம் உண்டு. எந்த நாளானாலும் அது நல்ல நேரந்தான். நாம அங்க போவலாம்."

அத்தையை நான் அதுவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தேன்.

5

சரவணனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி. கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், பக்கத்தில் டீக்கடை. விடியும் முன்பே வேன் பிடித்து சிங்காரப்பேட்டையிலிருந்து வந்தோம். டீக்கடை பெஞ்சில் தட்டு, பழம், பூ எல்லாவற்றையும் பரப்பினார் அத்தை. ஓசூர் பஜாரிலிருந்து ஆசாரியும் வந்து உட்கார்ந்துவிட்டார். லாரி டிரைவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கான ஹூட்டர் ஊதியது. கேட் திறக்கவில்லை. உள்ளே இருந்து ஒரு கன்டெய்னர் வண்டி ரிவர்சில் வெளியே வந்துகொண்டிருந்தது. அது முழுதாக வெளியேறும் வரை ஆட்களை விட மாட்டார்களாம். கம்பிக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும் கூட்டத்தில் சரவணன் கையை உயர்த்தி ஆட்டினான். வண்டி திரும்ப முடியாமல் முன்னே போனது, பின்னே வந்தது. ஆசாரி வெயிலைப் பார்த்தார். நான் கேட்டைப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சரவணன் சொல்லியிருந்தான். குளிர்காலத்துக்கான சிவப்பு இரவு உடைகள், மார்பில் மான் படம் போட்டவை. அந்தக் கொளுத்தும் ஆவணி வெயிலில், என் தம்பிக்கும் என் பிள்ளைக்கும் நடுவில், கிறிஸ்மஸ் குறுக்கே நின்றது.

வழி கிடைத்ததும் அவன் ஓடி வந்தான். கம்பெனியின் நீல பனியன், கழுத்தில் அடையாள அட்டை, விரலெல்லாம் பெட்டி ஒட்டும் டேப்பின் பிசின்.

"என்னா தம்பி, வேட்டி கட்டக்கூட உடலியா உங்க மொதலாளி?" என்றார் அத்தை.

"வேட்டியோட உள்ள போனா மாப்பிள்ளைன்னு நெனச்சி நிறுத்திருவாங்க அத்த" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து மடியைத் தட்டினான். "வாடா கண்ணு, மாமன்கிட்ட வா."

தாரணி தயங்கினாள். போனில் கேட்ட குரலும் இந்த வியர்த்த முகமும் ஒன்றுதானா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அவனோடு வேலை செய்கிறவர்கள் தூக்கைத் திறக்காமல் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தி தெலுங்கில் பிள்ளையைக் கொஞ்சினாள். "சரவணா, பெட்டிய ஒட்டற மாதிரி காதுலயும் டேப்பப் போட்றாத" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். சரவணன் வாங்கி அனுப்பியிருந்த தோடுகளில் ஒன்றின் கம்பியை ஆசாரி வலது காதில் ஏற்றினார். தாரணி வீறிட்டாள். சரவணன் அவள் இரண்டு கைகளையும் தன் ஒரு கைக்குள் அடக்கி, "முடிஞ்சிருச்சி, முடிஞ்சிருச்சி, மாமன் இருக்கேன்ல" என்றான். அவன் கண்ணும் கலங்கியது.

ஆசாரி கம்பியை முறுக்கி நிமிர்வதற்குள் மறுபடியும் ஹூட்டர், அரை மணி முடிந்துவிட்டது.

"இன்னொண்ணு இருக்கு, இரு" என்றார் அத்தை. கூட்டம் கேட்டை நோக்கி ஓடியது. வாட்ச்மேன் கன்னடத்தில் "பேக பா, சரவணா, பேக பா" என்று அவசரப்படுத்தினார். கேட்டின் ஒரு கதவு மூட ஆரம்பித்தது.

சரவணன் என்னைப் பார்த்தான். நான் சொல்வதைச் செய்யக் காத்திருந்தான். இரு என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. "போடா" என்றேன். கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் விரல்களை நானே பிரித்தேன். அவன் சாப்பிடாமலே உள்ளே ஓடினான்.

அதற்கப்புறம் தாரணி அடுத்த காதை யாரையும் தொடவிடவில்லை. அவள் அப்பா மடியில் வைத்துப் பார்த்தோம், அத்தை மடியில் வைத்துப் பார்த்தோம். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "மாமா வரட்டும், மாமா வரட்டும்" என்ற ஒரே பாட்டு. உச்சி வேளை தாண்டிவிட்டது, மாமனுக்கு ராத்திரி வரை டூட்டி. ஆசாரி பெட்டியை மூடினார். தாய்மாமன் கொடுத்த தோடுகளில் ஒன்று மட்டும் அத்தையின் சுருக்குப் பையில் திரும்பிப் போனது.

6

இங்கே திரும்பியதும் விளையாட்டு வகுப்புக்குத் தோட்டைக் கழற்றச் சொல்லி பள்ளியிலிருந்து தாள் வந்தது. கழற்றினால் தூர்ந்துவிடும் என்று போய்ச் சொன்னேன். மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பும்படி சொன்னார்கள். தினமும் ஒட்டுகிறேன். மறு காது வெறுமையாக இருப்பதைப் பார்த்து, "ஒன்று தொலைந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆமாம் என்பது சின்னச் சொல், சுலபமாக முடிந்துவிடுகிறது.

அந்தக் கடையில் சிவப்பு இரவு உடைகளும் வந்துவிட்டன. எந்த நாட்டில் தைத்தது என்று கழுத்தில் இருக்கும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரவணன் அடுக்கியது கிடைத்தால் என்ன செய்வதாக இருந்தேனோ தெரியாது. ஒன்றில் வங்காளதேசம், ஒன்றில் இலங்கை, ஒன்றில் சீனா. நம் ஊர் எதிலும் இல்லை. இருந்திருந்தாலாவது ஒரு இடத்தைப் பார்த்துக் கோபப்பட்டிருக்கலாம். அந்த ஊர்களிலும் கேட்டுக்கு வெளியே யாராவது காத்திருந்திருப்பார்கள். இவ்வளவும் எதற்கு? டிசம்பரில் போட்டுக்கொள்ளும் சட்டையை ஒருவர் செப்டம்பரிலேயே வாங்கி பீரோவுக்குள் வைப்பதற்கு. பக்கத்துக் கடைக்காரனுக்கு முன்னால் நான் கடை விரித்தேன் என்று ஒருவன் சொல்லிக்கொள்வதற்கு. அவர்கள் ஒரு வாரம் முந்தினால், அந்த வாரம் உலகத்தில் யாரோ ஒருவருடையதாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர்போல எங்கிருந்தோ ஊறி வருவதில்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் சொல்லலாமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொன்னால் பிள்ளைக்குக் கிடைத்த கைதட்டல் போய்விடும். மாமன் கிறிஸ்மஸ் தாத்தாவிடம் வேலை பார்ப்பதாக இருந்துவிட்டுப் போகட்டுமா? அவளே கொஞ்ச நாளில் அதை நம்ப ஆரம்பித்துவிடுவாளோ? எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

7

நேற்று காலிங் கார்டு போட்டு சரவணனைக் கூப்பிட்டேன். டீச்சர் சொன்னதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்திலிருந்த யாருக்கோ அதைத் திரும்பச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தான்.

"லிஸ்ட் போட்டாங்களாடா?"

"அடுத்த லோடு முடியட்டும்னுட்டாங்கக்கா."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் குறுக்கே புகுந்தான்.

"இருக்கா, நல்ல சேதி ஒண்ணு இருக்குது. அடுத்த வருசம் கிறிஸ்மஸ் லோட இன்னும் முன்னாடி கேக்கறாங்களாம். ஜூலைக்குள்ள ஏத்திரணுமாம். மேனேஜரே சொன்னாரு. அப்ப ஆவணில நான் ஃப்ரீ! லீவு கேட்டா குடுத்துருவாங்க. பட்டு வேட்டி கட்டிகினு சிங்காரப்பேட்டைக்கே வந்துர்றேன். அடுத்த காத அமர்க்களமா குத்திரலாம்."

என் மனசு துள்ளியது. அத்தைக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மறுபடி அந்த இடைவெளி எங்களுக்குத் திறந்துவிட்டது. அப்புறம்தான் கேட்டேன்.

"அப்போ ஆடி பொறக்கறப்ப உங்களுக்கு லீவு கிடையாதா?"

"எனக்கென்னா? ஆடில எனக்கு ஒரு விசேசமும் இல்ல. எங்க செக்கிங்ல கவிதான்னு ஒரு பொண்ணு, அதுதான் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்குது. வர்ற தையில அதுக்குக் கல்யாணம். காவேரிப்பட்டினத்துல அவங்க அம்மா வீடு. தல ஆடிக்கு அங்க போயி இருக்கணும்னு ஆசை. போவ முடியாது. அதுகிட்ட, உனக்கு ஆடி எங்க அக்கா பொண்ணு காதுல போச்சின்னு சொன்னேன். அடிக்க வந்துட்டா."

மறுபடியும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கவிதாவுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் மீதி என்று நடுவில் ஒரு பெண்குரல் சொன்னது.

"ஜூலைன்னா ஜூலைதானே, சரவணா?" என்று கேட்டேன். "ஆகஸ்டுக்குத் தள்ளிப் போட்டுட மாட்டாங்களே?"